நகோயாவிலிருந்து ஒருநாள் பயணம்: மியே மாகாணத்தில் எங்கே போகலாம், என்ன இனிப்பு வாங்கலாம்?

பாளையங்கோட்டை வாசகி:

அனைவருக்கும் வணக்கம். எங்கள் மகன் ஜப்பானில் நகோயா நகரில் வேலை பார்க்கிறான். வரும் நவம்பர் மாதத்தில் நானும் என் கணவரும் அங்கே போய்ச் சில வாரங்கள் தங்கவிருக்கிறோம். வேலை நாள்களில் அவனால் எங்களோடு வர இயலாது என்பதால், காலையில் புறப்பட்டு இரவுக்குள் வீடு வந்து சேரக்கூடிய இடங்களுக்கு நாங்கள் இருவர் மட்டும் போய்வர எண்ணுகிறோம். நகோயாவுக்குத் தென்மேற்கே இருக்கும் மியே மாகாணம் அதற்குத் தோதானது என்று அவன் சொல்கிறான். ஆனால் அங்கே எதைப் பார்ப்பது, எதை விடுவது என்று எங்களுக்குத் தெரியவில்லை.

எங்கள் நிலைமையையும் சொல்லிவிடுகிறேன். இருவரும் அறுபதைத் தாண்டியவர்கள். அவருக்கு மூட்டுவலி உண்டு. சமதளத்தில் நிதானமாக நடப்பார், ஆனால் படிகள் ஏறுவது சிரமம். இருவரும் சைவம், முட்டையும் சேர்ப்பதில்லை. கோயில், ஆற்றங்கரை, கடற்கரை, பழைய வீடுகள் உள்ள தெரு ஆகியவை எங்களுக்குப் பிடித்தவை. பந்தயச் சாலையும் கேளிக்கைப் பூங்காவும் வேண்டாம்.

இனிப்பைப் பற்றிக் கேட்பதற்குக் காரணம் உண்டு. எந்த ஊருக்குப் போனாலும் அந்த ஊர்ப் பண்டத்தை வாங்கிவந்து அக்கம்பக்கத்தாருக்குக் கொடுப்பது எங்கள் வீட்டு வழக்கம். திருநெல்வேலிக்கு வந்தவர்கள் அல்வா இல்லாமல் ஊர் திரும்புவதில்லை. கோவில்பட்டி என்றால் கடலைமிட்டாய், தூத்துக்குடி என்றால் மக்ரூன், உடன்குடி என்றால் கருப்பட்டி என்று நம் பக்கத்தில் ஊருக்கு ஒரு பண்டம் இருப்பது மியேவிலும் உண்டா? இருந்தால் அவற்றில் நாங்கள் சாப்பிடக்கூடியவை எவை? அனுபவமுள்ளவர்கள் விரிவாக எழுதினால் மிகவும் உதவியாக இருக்கும்.

அம்பாசமுத்திரத்துக்காரர், யொக்கைச்சியிலிருந்து:

அம்மா, வணக்கம். எனக்குச் சொந்த ஊர் அம்பாசமுத்திரம்; மியே மாகாணத்தில் உள்ள யொக்கைச்சி நகரில் பல ஆண்டுகளாகக் குடியிருக்கிறேன். ஒரே ஒரு நாள்தான் கிடைத்தாலும் இசே நகருக்குப் போங்கள். அந்த நாளில் வேறு எந்த ஊரையும் சேர்க்காதீர்கள். இங்கே வரும் நம்மவர்களில் பலர் காலையில் இசே, நண்பகலில் தோபா, மாலையில் ஃபுதாமி என்று வகுத்துக்கொண்டு, எந்த இடத்திலும் அரைமணி நேரம் அமராமல் ஓடிவிட்டுத் திரும்புகிறார்கள். அப்படிப் பார்த்தால் இசேயில் பார்க்க ஒன்றுமில்லை என்றுதான் தோன்றும்.

நகோயாவிலிருந்து கின்டெட்சு ரயிலின் சிறப்பு விரைவு வண்டியில் ஏறத்தாழ ஒன்றரை மணி நேரத்தில் இசேஷி நிலையத்தை அடையலாம். பயணச்சீட்டுக்கு மேல் அந்த வண்டிக்கெனத் தனிக்கட்டணம் உண்டு; இருக்கை எண்ணோடு சீட்டுக் கிடைப்பதால் பெரியவர்களுக்கு நல்லது. ஜே.ஆர். நிறுவனத்தின் விரைவு வண்டியும் ஓடுகிறது. சுற்றுலாப் பயணிகளுக்கான ஜே.ஆர். சலுகைச் சீட்டு வைத்திருந்தாலும், இடையில் வரும் இசே ரயில்வே பகுதிக்குத் தனியாகப் பணம் கட்ட வேண்டும் என்பதை நினைவில் வையுங்கள்.

இசே பெருங்கோயிலில் இரண்டு முதன்மையான வளாகங்கள் உள்ளன. கேகூ எனப்படும் வெளிக்கோயில் நிலையத்திலிருந்து நடந்துபோகும் தூரத்தில் இருக்கிறது. நாய்கூ எனப்படும் உட்கோயிலுக்கு அங்கிருந்து பேருந்தில் போகவேண்டும். வெளிக்கோயிலை முதலில் வணங்கிவிட்டு உட்கோயிலுக்குப் போவதே மரபு. வெளிக்கோயிலில் குடிகொண்டிருக்கும் தொயோஉகே உணவுக்குரிய தெய்வம். உட்கோயிலின் சூரிய தெய்வமான அமதெராசுவுக்கு நாள்தோறும் காலையும் மாலையும் அமுது படைக்கும் சடங்கு இந்த வெளிக்கோயிலில்தான் நடக்கிறது. நம் கோயில்களின் நைவேத்திய முறையை அறிந்தவர்கள் இந்த ஒரு செய்தியைத் தெரிந்துகொண்டு போனாலே அந்த இடத்தை வேறு கண்ணோடு பார்ப்பார்கள்.

கோபுரத்தையோ சிற்பத்தையோ எதிர்பார்த்துப் போகவேண்டாம். வண்ணம் பூசாத மரமும் புல்வேய்ந்த கூரையுமாகவே சன்னதிகள் நிற்கின்றன. வாயிலில் தொங்கும் வெண்திரைக்கு அப்பால் எதையும் பார்க்க முடியாது. இந்தச் சன்னதிகளை 20 ஆண்டுகளுக்கு ஒருமுறை பக்கத்து மனையில் புதிதாக எழுப்பித் தெய்வத்தை அங்கே எழுந்தருளச் செய்கிறார்கள். கடைசியாக 2013-இல் நடந்தது. அடுத்தது 2033-இல் வருகிறது. இருமுறை தலைவணங்கி, இருமுறை கைதட்டி, மீண்டும் ஒருமுறை வணங்குவது அங்குள்ள வழிபாட்டு முறை. வெளிக்கோயிலின் முதன்மைச் சன்னதிக்குப் பாதை பெரும்பாலும் சமதளம். உட்கோயிலில் சன்னதியின் முன்னால் கற்படிகள் இருக்கின்றன. ஐயா கீழே நின்றே வணங்கலாம். இரண்டிலும் பாதை முழுவதும் சரளைக்கல் பரப்பியிருப்பதால் அடித்தோல் தடித்த காலணி அவசியம். உட்கோயிலுக்குள் இசுசு ஆற்றங்கரையில் கல் பாவிய துறை ஒன்று இருக்கிறது. அங்கே குனிந்து ஆற்றுநீரில் கைகழுவிவிட்டுத்தான் பக்தர்கள் மேலே நடக்கிறார்கள். நவம்பரில் அந்தத் துறைக்கு மேலே இருக்கும் மரங்கள் சிவந்திருக்கும். தாமிரபரணிக் கரையில் வளர்ந்தவர்களுக்கு அந்த இடத்தை விட்டுக் கிளம்ப மனம் வராது.

இனி இனிப்பு. உட்கோயிலின் முன்னால் இருக்கும் ஒஹராய்மாச்சி தெருவில், அதே ஆற்றின் கரையில், 1707-இல் தொடங்கிய அகாஃபுகு கடை இருக்கிறது. அங்கே விற்கும் இனிப்புக்கும் அதே பெயர்தான். காலை ஐந்து மணிக்கே திறந்துவிடுவார்கள். பிசின் அரிசி எனப்படும் ஒட்டும் அரிசியை வேகவைத்து இடித்துச் செய்த சிறிய உருண்டையின் மேல், அசுக்கி என்னும் செம்பயற்றை வேகவைத்துத் தோல் நீக்கிச் சர்க்கரை சேர்த்துக் கிளறிய பூரணத்தைப் போர்த்துகிறார்கள். நம்முடைய கொழுக்கட்டையில் மாவு வெளியேயும் பூரணம் உள்ளேயும் இருப்பதைப் புரட்டிப் போட்டதுபோல் இருக்கும். கடையின் முன்பகுதியில் பெண்கள் வரிசையாக அமர்ந்து கையாலேயே அதைச் செய்வதைப் பார்க்கலாம். பூரணத்தை வைத்து விரல்களால் ஒரே இழுப்பில் மூன்று கோடுகள் பதிக்கிறார்கள். பூரணத்தின் கோடுகள் இசுசு ஆற்றின் ஓட்டம், அடியில் இருக்கும் வெள்ளை உருண்டை ஆற்றின் கூழாங்கல் என்பது அவர்கள் கூறும் விளக்கம். செந்நிற அடுப்புகளில் கொதிக்கும் நீரில் போட்ட தேநீரோடு அதைத் தட்டில் வைத்துத் தருவார்கள். ஆற்றைப் பார்த்திருக்கும் திண்ணை ஓரத்தில் காலைத் தொங்கவிட்டு அமரலாம். ஐயா சம்மணமிட வேண்டியதில்லை. பாலும் முட்டையும் நெய்யும் அதில் இல்லை. அல்வாவின் நெய் மணத்துக்குப் பழகிய நாக்குக்கு முதலில் வெறுமையாகத் தோன்றலாம். தேநீரோடு சேர்த்து மெதுவாகச் சாப்பிட்டால் பயற்றின் மணம் தெரியும்.

ஜனவரி நீங்கலாக ஒவ்வொரு மாதமும் ஒன்றாம் தேதி மட்டும் அங்கே வேறொரு சிறப்பு இனிப்பு விற்பார்கள். ஆகஸ்டு மாதத்தில் தினையில் செய்ததை விற்கிறார்கள் என்பது நம்மவர்களுக்கு மகிழ்ச்சி தரும் செய்தி. ஒன்றாம் தேதிகளில் விடியும் முன்பே வரிசை நீளும் என்பதால், அந்த நாளைத் தவிர்ப்பதே உங்களுக்கு நல்லது. தெருவில் உள்ள கடைகள் மாலை ஐந்து மணி வாக்கில் அடைத்துவிடும். ஆகையால் காலையிலேயே போய்விடுங்கள்.

ஊருக்கு ஒரு பண்டம் உண்டா என்று கேட்டிருந்தீர்கள். இசேக்குப் போகும் பழைய வழி நெடுகிலும் உண்டு. 1830-ஆம் ஆண்டில் மட்டும் ஏறத்தாழ நாற்பது இலட்சம் பேர் இசேக்கு யாத்திரை வந்ததாகச் சொல்கிறார்கள். நடந்துவந்தவர்களின் பசியாற்றவே வழியோரங்களில் இந்த அரிசி இனிப்புகள் தோன்றின. எங்கள் யொக்கைச்சியில் 1550 முதல் செய்துவரும் நாகமோச்சி, பூரணம் வைத்து நீளவாக்கில் தட்டி இருபுறமும் வாட்டியது. இசேக்குச் சற்று முன்னால் குதிரையை விட்டிறங்கி நடக்கத் தொடங்கிய யாத்திரிகர்களுக்காக 1775-இல் தோன்றிய ஹென்பாமோச்சியும் வாட்டியதுதான். என் கருத்தில் அகாஃபுகுவைவிட ஹென்பாமோச்சி ஒருபடி மேல். வாட்டிய அரிசியின் மணம் நம் நாவுக்கு உடனே பிடித்துவிடும்.

ஏரல்வாசி:

அண்ணாச்சி சொன்னதை அப்படியே வழிமொழிகிறேன். இரண்டாவது நாள் கிடைத்தால் தோபாவுக்குப் போங்கள். கொற்கைக்குப் பக்கத்து ஊர்க்காரன் என்ற முறையில் இதை அழுத்திச் சொல்கிறேன். இசேயைத் தாண்டி அதே ரயில் பாதையில் இருக்கும் அந்தக் கடலோர ஊரில்தான் மிகிமோத்தோ கொக்கிச்சி 1893-இல் சிப்பிக்குள் முத்தை வளர்ப்பதில் வெற்றி கண்டார். நிலையத்திலிருந்து சில நிமிட நடையில், பாலத்தால் இணைத்த சிறிய தீவில் அதற்கான அருங்காட்சியகம் இருக்கிறது. முத்து வளர்வதற்கான கருவாகச் சிறு மணியைச் சிப்பியின் உடலுக்குள் வைக்கும் முறையை அங்கே தெளிவாக விளக்கியிருக்கிறார்கள். மன்னார் வளைகுடாவில் நம் முன்னோர் எடுத்த முத்துச்சிப்பியும் ஜப்பானியரின் அக்கோயாச் சிப்பியும் நெருங்கிய உறவுடையவை. தூத்துக்குடியில் கடைசி முத்துக்குளிப்பு 1961-இல் நடந்தது. 1973-இல் மத்தியக் கடல்மீன் ஆராய்ச்சி நிலையத்தார் அதே தூத்துக்குடியில் வளர்ப்பு முத்தை உருவாக்கினார்கள். இவ்வளவும் தெரிந்துகொண்டு போனால் அந்த அருங்காட்சியகம் அயலூர் வேடிக்கையாக இருக்காது.

நம் பக்கத்தில் முத்துக்குளித்தவர்கள் ஆண்கள். தோபாவில் கடலுக்குள் மூழ்குகிறவர்கள் அமா எனப்படும் பெண்கள். காற்றுக்குடுவை எதுவும் இல்லாமல் மூச்சை அடக்கி இறங்குகிறார்கள். வெள்ளை உடையில் அவர்கள் மூழ்கிக் காட்டுவதை அந்தத் தீவிலேயே அமர்ந்து பார்க்கலாம். மேலே வந்ததும் மூச்சை விடும்போது எழும் சீழ்க்கை ஒலியைக் கவனியுங்கள்.

திரும்பும் வழியில் ஃபுதாமியில் இறங்கினால், வைக்கோல் வடத்தால் பிணைத்த இரு கடற்பாறைகளைக் கணவன் மனைவியாகக் கருதி வணங்குவதைக் காணலாம். கோடைக்காலச் சூரியோதயம் அந்தப் பாறைகளின் நடுவே எழும். நவம்பரில் அந்தக் காட்சி கிடையாது என்பதால், நேரமிருந்தால் மட்டும் போங்கள்.

கல்லிடைக்குறிச்சி:

சைவத்தைப் பற்றி மட்டும் எழுதுகிறேன். இனிப்பில் அவ்வளவு சிக்கல் இல்லை; சாப்பாட்டில்தான் மிகுந்த கவனம் வேண்டும். இசே உதோன் என்னும் தடித்த மாவிழைக் கிண்ணத்தில் காய்கறிகூட இல்லாமல் கறுத்த குழம்பு மட்டும் இருப்பதைப் பார்த்துச் சைவம் என்று எண்ணிவிடவேண்டாம். அந்தக் குழம்பில் உலர்ந்த மீனின் சாறு கலந்திருக்கும். ஜப்பானியக் குழம்பு, சூப்பு பெரும்பாலானவற்றில் தாஷி என்னும் இந்தச் சாறு உண்டு. மகன் வீட்டிலேயே புளியோதரையோ எலுமிச்சைச் சாதமோ கட்டிக்கொண்டு போங்கள். சிறப்பு விரைவு வண்டியில் இருக்கையில் அமர்ந்து சாப்பிடுவது அங்கே இயல்பான வழக்கம். கோயில் வளாகத்துக்குள் மட்டும் சாப்பிடக் கூடாது.

இனிப்பு வகைகளில் கான்தென் என்று எழுதியிருந்தால் அது கடற்பாசியிலிருந்து எடுப்பது, தாராளமாக வாங்கலாம். ஜெலாட்டின் என்றால் விலங்கிலிருந்து வருவது. மெத்தென்ற கேக் வகைகளிலும் தோராயாக்கியிலும் முட்டை உண்டு. தமாகோ என்றால் முட்டை. அந்த ஒரு சொல்லைக் கேள்வியாகச் சொன்னாலே கடைக்காரர் புரிந்துகொண்டு பதில் சொல்வார்.

பாளையங்கோட்டை வாசகி:

மூவருக்கும் மனமார்ந்த நன்றி. இசேக்கு ஒரு நாள், தோபாவுக்கு ஒரு நாள் என்று முடிவு செய்துவிட்டோம். அகாஃபுகுவை ஊருக்குக் கொண்டுவர இயலுமா? நாங்கள் பாளையங்கோட்டை வந்து சேரும்போது நகோயாவிலிருந்து புறப்பட்டு ஒன்றரை நாளாவது ஆகிவிடும். அது தாங்காது என்றால் வேறு எதை வாங்கலாம்?

அம்பாசமுத்திரத்துக்காரர், யொக்கைச்சியிலிருந்து:

அகாஃபுகு வேண்டாம் அம்மா. குளிர்காலத்தில் செய்த நாளையும் சேர்த்து மூன்று நாள், கோடையில் இரண்டு நாள், அவ்வளவுதான் அதன் ஆயுள். அரிசி உருண்டை ஆறஆற இறுகும். குளிர்பதனப் பெட்டியில் வைத்தால் இன்னும் விரைவாகக் கட்டியாகிவிடும். அல்வாவை நெய்யும் சர்க்கரையும் காப்பாற்றுகின்றன, இதைக் காப்பாற்ற எதுவும் இல்லை. அதை அங்கேயே உட்கார்ந்து சாப்பிடுங்கள், ஒரு பெட்டி வாங்கி அன்றிரவே மகனுக்குக் கொடுங்கள்.

ஊருக்கு வாங்க இரண்டு பண்டங்களைச் சொல்கிறேன். முதலாவது சேகி ஊரின் சேகிநோதோ. பயற்றுப் பூரணத்தை மெல்லிய அரிசிமாவுத் தோலில் பொதிந்து, வசன்போன் என்னும் நயமான சர்க்கரைத் தூளில் புரட்டிய சிறிய உருண்டை அது. பதினேழாம் நூற்றாண்டிலிருந்து ஒரே கடையில் செய்துவருகிறார்கள். அகாஃபுகுவைவிட நாள் தாங்கும். வாங்கும்போது பெட்டியில் உள்ள கடைசித் தேதியை ஒருமுறை பார்த்துக்கொள்ளுங்கள். இதற்காகவே சேகிக்கு ஒரு நாள் ஒதுக்கலாம். இன்றைய தோக்கியோவையும் கியோத்தோவையும் இணைத்த பழைய தொக்காய்தோ நெடுஞ்சாலையின் 47-ஆவது தங்கல் ஊர் அது. 1984-இல் அரசு பாதுகாப்புப் பகுதியாக அறிவித்ததால், இரண்டு கிலோமீட்டருக்குச் சற்றுக் குறைவான தெரு முழுவதும் மரவீடுகள் அப்படியே நிற்கின்றன. முழுவதும் தெருநடைதான் என்பதால் ஐயாவுக்கும் ஏற்ற ஊர் இது. நகோயாவிலிருந்து கமெயாமாவில் வண்டி மாறவேண்டும். அங்கிருந்து சேகிக்கு ரயில்கள் குறைவு, திரும்பும் வண்டியின் நேரத்தை இறங்கிய உடனே குறித்துக்கொள்ளுங்கள்.

இரண்டாவது, இகா ஊரின் கதாயாக்கி. கோதுமை மாவும் சர்க்கரையும் சேர்த்து அழுத்திச் சுட்ட வட்டமான பிஸ்கட்டு. ஈரமே இல்லாததால் நீண்ட நாள் கெடாது. அந்தப் பக்கத்து நிஞ்ஜா வீரர்கள் இதை மடியில் கட்டிக்கொண்டு போனதாகச் சொல்வார்கள். 1644-இல் ஹைக்கூ கவிஞர் பாஷோ பிறந்த ஊரும் இகாதான். அங்கே கோட்டைப் படிகள் ஏறவேண்டியிருக்கும் என்பதால் உங்களைப் போகச் சொல்லமாட்டேன். மகனிடம் சொல்லி வாங்கிவரச் செய்யுங்கள். எள் சேர்த்தது, கடற்பாசி சேர்த்தது என்று வகைகள் உண்டு, எள் சேர்த்ததே நம்மவர்களுக்குப் பிடிக்கும். கதாயாக்கி கல்லாக இறுகியிருக்கும். சிறிய மரச்சுத்தியலோடு விற்கும் கடைகளும் உண்டு. அக்கம்பக்கத்தில் பல்செட்டு வைத்திருக்கும் பெரியவர்களுக்குக் கொடுக்கும்போது, உடைத்துச் சூடான காப்பியில் ஊறவைத்துச் சாப்பிடச் சொல்லுங்கள்.