கேசட் டெக்கில் இடப்பக்க ஒலி மங்குகிறது, விசில் எழுகிறது: கோளாறு எங்கே?

கேள்வி – நாடாச்சுருள்

என்னிடம் 1980-களில் செய்யப்பட்ட, பியானோ விசைகள் கொண்ட இரண்டு ஹெட் ஸ்டீரியோ கேசட் டெக் ஒன்று இருக்கிறது. ஹெட்டுகளையும் (நாடாவைத் தொட்டுப் பதியும், படிக்கும், அழிக்கும் பகுதிகள்) பின்ச் ரோலரையும் (நாடாவை அழுத்தி ஓட்டும் ரப்பர் உருளை) ஐசோபுரொப்பைல் ஆல்கஹாலால் துடைத்துவிட்டேன், பெல்ட்டும் புதிது, நாடாவின் ஓட்டத்தில் குறையில்லை. ஆயினும் பிளே விசையை அழுத்தினால் இடப்பக்க ஒலி சில நேரம் மங்குகிறது, சில நேரம் அடியோடு நின்றுவிடுகிறது. இடையிடையே ஸ்பீக்கரில் விசில் போன்ற ஒலியும் எழுகிறது. மேல்மூடியைத் தட்டினால் சற்று நேரம் சரியாகிறது. இவற்றைவிடக் கவலை தருவது, இதில் ஓடிய பழைய பதிவு ஒன்றில் முன்பு இல்லாத இரைச்சல் ஏறியிருப்பதுதான். பதிவு அழியாதிருக்கக் கேசட்டின் பின்விளிம்பில் உள்ள சிறு பிளாஸ்டிக் துண்டை உடைத்து வைத்திருந்தும் இப்படி நேர்ந்திருக்கிறது. ஹெட்டை மாற்ற வேண்டுமா, ஆம்ப்ளிஃபையரைப் பார்க்க வேண்டுமா?

மறுமொழி – பழைய ஸ்பூல்

இரண்டையும் இப்போதைக்குத் தொட வேண்டாம். முதலில் பார்க்க வேண்டியது, ரெக்கார்டு விசையோடு கம்பியாலோ நெம்புகோலாலோ இணைக்கப்பட்டு, சர்க்யூட் போர்டின் மேல் நீளமாகக் கிடக்கும் ஸ்லைடு சுவிட்சைத்தான். இரண்டு ஹெட் டெக்கில் ஒன்று அழிப்பதற்கு. மற்றொன்றே பதியவும் படிக்கவும் பயன்படுகிறது. உங்களுடையதைப் போன்ற பல டெக்குகளில் ஆம்ப்ளிஃபையரும் இரண்டு வேலைகளுக்கும் பொதுவானது. எனவே விசை நகரும் ஒரே கணத்தில் ஹெட்டை ஆம்ப்ளிஃபையரின் உள்ளீட்டிலிருந்து வெளியீட்டுக்கு மாற்றுவது, ஈக்குவலைசேஷனை (மேல், கீழ் சுருதிகளின் அளவைச் சமன்செய்வதை) மாற்றுவது, பதியவும் அழிக்கவும் வேண்டிய உயர் அதிர்வெண் மின்னோட்டத்தை உண்டாக்கும் பயாஸ் ஆஸிலேட்டருக்கு மின்சாரம் கொடுப்பது எல்லாம் இந்த ஒரு சுவிட்சின் பொறுப்பு. இடம், வலம் இரண்டுக்கும் தனித்தனிக் காண்டாக்டுகள் (மின் தொடுமுனைகள்) இருப்பதால் ஒரு பக்கம் மட்டும் கெடுவது இயல்பே.

படிக்கும்போது ஹெட்டிலிருந்து வரும் சிக்னல் ஒரு மில்லிவோல்ட்டுக்கும் குறைவு. வெள்ளிப் பூச்சுள்ள காண்டாக்டுகளின் மேல் காற்றிலுள்ள கந்தகத்தால் கறுப்புப் படலம் படியும். மின்விளக்கு சுவிட்சில் ஓடும் மின்சாரம் அத்தகைய படலத்தைத் துளைத்துக்கொண்டு போய்விடும், இந்த நுண்ணிய சிக்னலால் அது முடியாது. விசிலுக்கும் காரணம் இதுவே: உள்ளீட்டுக் கால்களும் வெளியீட்டுக் கால்களும் ஒரே சுவிட்சுக்குள் நெருக்கமாக நிற்பதால், அவற்றுக்கிடையே தரையோடு இணைய வேண்டிய காண்டாக்ட் பழுதானால் வெளியீடு மீண்டும் உள்ளீட்டுக்குள் கசிந்து ஆம்ப்ளிஃபையர் தானே அலறத் தொடங்கும்.

துண்டை உடைப்பது ரெக்கார்டு விசை கீழே இறங்காமல் தடுக்கும் இயந்திரப் பூட்டு மட்டுமே. முன்பு எப்போதோ பதிந்த பிறகு, ஸ்பிரிங் தளர்ந்தோ கிரீஸ் இறுகியோ ஸ்லைடு முழுதாகத் திரும்பாமல் பாதியில் நின்றிருந்தால், அந்தப் பூட்டுக்கு அது தெரியாது. பிளே ஓடும்போதே ஆஸிலேட்டர் உயிர்பெற்று நாடாவைக் கெடுக்கலாம். ஆகவே நல்ல கேசட்டுகளை இப்போதைக்கு இதில் போடாதீர்கள். வேண்டாத கேசட் ஒன்றை ஓடவிட்டு, ஸ்லைடின் முனையை மின்கடத்தாத பிளாஸ்டிக் குச்சியால் பிளே பக்கமாக மெல்லத் தள்ளிப் பாருங்கள். மின்னிணைப்புப் பகுதியில் கை படாதிருக்கட்டும்.

மறுமொழி – மூன்று ஹெட்

மேலே சொன்னதை ஏற்கிறேன். ஆனால் இரைச்சலை மட்டும் வைத்துச் சுவிட்சின் மேல் பழி போட முடியாது. ஹெட்டில் காந்தம் ஏறியிருந்தாலும் இரைச்சல் கூடும், மேல் சுருதி குறையும். விசில் மட்டும் அதனால் வராது. எனவே டீமேக்னடைஸ் செய்வதையும், அதாவது ஹெட்டில் ஏறிய காந்தத்தை நீக்குவதையும், சேர்த்துக்கொள்ளுங்கள்.

1967-இல் வந்த ரெவாக்ஸ் ஏ77 போன்ற, திறந்த சுருள் நாடா ஓடும் ஸ்பூல் இயந்திரங்களில் அழிக்க, பதிய, படிக்க எனத் தனித்தனி ஹெட்டுகள் உண்டு. படிக்கும் ஹெட்டை எங்கும் மாற்றி இணைக்க வேண்டிய தேவையே எழுவதில்லை. மலிவு டெக்குகள் மிச்சப்படுத்திய செலவைத்தான் இந்த நீளச் சுவிட்ச் இப்போது திருப்பிக் கேட்கிறது. சிலர் இதைக் கழற்றிவிட்டு ரிலே (மின்காந்தத்தால் இயங்கும் சுவிட்ச்) வைக்கிறார்கள். அத்தனை கால்களின் ஈயத்தையும் எடுப்பதற்குள் போர்டின் செப்புத் தடங்கள் உரிந்து வந்துவிடும் என்பதால் நான் பரிந்துரைக்க மாட்டேன்.

கேள்வி கேட்டவர் – நாடாச்சுருள்

குச்சியால் தள்ளியதும் இடப்பக்க ஒலி முழுதாக வந்தது, விசிலும் நின்றது. கைவிட்டால் ஸ்லைடு சிறிது பின்வாங்குகிறது. அதன் முனையில் மஞ்சளாக இறுகிய கிரீஸ் தெரிகிறது. ஸ்பிரேயை நேராக அடித்துவிடலாமா?

மறுமொழி – பழைய ஸ்பூல்

முதலில் மின்பிளக்கைக் கழற்றிவிடுங்கள். பிளாஸ்டிக்கைக் கெடுக்காத காண்டாக்ட் கிளீனராகப் பார்த்து வாங்குங்கள். பெல்ட், பின்ச் ரோலர் இரண்டின் மேலும் தாள் போர்த்துங்கள். அவற்றில் ஒரு துளி பட்டாலும் நாடா வழுக்கும். இறுகிய கிரீஸைக் குச்சியில் சுற்றிய பஞ்சால் எடுத்த பிறகு, ஸ்லைடு நுழையும் இடைவெளியில் சிறிதளவு மட்டும் அடித்து, ரெக்கார்டு விசையைப் பலமுறை அழுத்தி விடுங்கள். படலத்தை உரசி எடுப்பது அந்த அசைவுதான், திரவம் அதைக் கழுவி வெளியேற்றுகிறது, அவ்வளவே. நன்றாக உலர்ந்த பிறகும் ஸ்லைடு பின்வாங்கினால் அது அழுக்கின் வேலையன்று. ஸ்பிரிங்கையோ, விசையையும் சுவிட்சையும் இணைக்கும் கம்பியின் வளைவையோ சரிசெய்ய வேண்டும்.