ஒக்லஹோமாவின் நார்மன் ஊருக்குப் புதிதாக வந்திருக்கும் தம்பி தங்கைகளுக்கு: பிப்ரவரிக்குள் சாஃப்ட்பால் கொஞ்சம் தெரிந்துகொள்ளுங்கள்

போன வாரம் ஒரு தம்பி கேட்டார்: "அக்கா, ஒக்லஹோமா வந்து நாலு மாசம் ஆச்சு. ஆபீஸில் ஜனவரி பிறந்ததிலிருந்து எல்லோரும் சாஃப்ட்பால், சாஃப்ட்பால் என்கிறார்கள். ஃபுட்பால் தெரியும், பேஸ்பால் கேள்விப்பட்டிருக்கிறேன். காலேஜ் பெண்கள் விளையாடும் ஆட்டத்துக்கு ஏன் இவ்வளவு பேச்சு?" வங்கிக் கணக்கு, ஓட்டுநர் உரிமம், புழுங்கல் அரிசி கிடைக்கும் கடை எல்லாவற்றையும் பற்றி ஏற்கெனவே நிறையப் பேசியாயிற்று. இதைப் பற்றி யாரும் சொல்வதில்லை. இந்த ஊரில் அக்கம்பக்கத்தோடு ஒட்டிக்கொள்ள எனக்கு முதலில் கை கொடுத்தது இந்த ஆட்டம்தான். அதனால் விவரமாகவே எழுதுகிறேன்.

முதலில் ஏன் இவ்வளவு பேச்சு என்பது. அரசுப் பணம் வாங்கும் கல்வி நிலையங்களில் ஆண், பெண் பாகுபாடு கூடாது என்று 1972-இல் அமெரிக்காவில் சட்டம் வந்தது. அதன் பிறகுதான் கல்லூரிகளில் பெண்கள் அணிகளுக்கு மைதானம், பயிற்சியாளர், உதவித்தொகை எல்லாம் வரத் தொடங்கின. நம் ஊர் ஒக்லஹோமா பல்கலைக்கழக அணிக்கு பேட்டி கேசோ 1995-இல் பயிற்சியாளராக வந்தபோது சொந்த மைதானம்கூடக் கிடையாது. ரீவ்ஸ் பார்க்கில்தான் ஆடினார்கள். ஆமாம், நீங்கள் பிள்ளைகளை ஊஞ்சலாடக் கூட்டிப்போகிற அதே ரீவ்ஸ் பார்க். 2000-இல் முதல் தேசியப் பட்டம். 2013, 2016, 2017 என்று தொடர்ந்து, அப்புறம் 2021 முதல் 2024 வரை வரிசையாக நான்கு. தொடர்ந்து நான்கு முறை யாருமே அதற்கு முன் ஜெயித்ததில்லை. இப்போது லவ்ஸ் ஃபீல்டு என்று நாலாயிரம் பேருக்கு மேல் உட்காரும் மைதானம் இருக்கிறது. 2024 மார்ச்சில் திறந்தார்கள்.

ஆட்டம் கிரிக்கெட் தெரிந்தவர்களுக்குப் பிடிபட அரை மணி நேரம் போதும். ஏழு இன்னிங்ஸ், ஒவ்வொன்றிலும் பக்கத்துக்கு மூன்று அவுட். பந்து மஞ்சளாக, 12 அங்குலச் சுற்றளவில் இருக்கும். பேர்தான் சாஃப்ட், தொட்டுப் பார்த்தால் கல் மாதிரி. பிட்சர், அதாவது பந்து வீசுபவர், கையைக் காற்றாலை போல ஒரு முழுச் சுற்று சுற்றி இடுப்புக்குக் கீழிருந்து வீசுவார். அவருக்கும் பேட் பிடிப்பவருக்கும் இடையே 43 அடிதான். நம் கிரிக்கெட் பிட்ச் 66 அடி என்பதை நினைத்துக்கொள்ளுங்கள்.

டென்னசி அணியின் பிட்சர் கார்லின் பிக்கன்ஸ் 2025 மார்ச்சில் மணிக்கு 78.2 மைல் வேகத்தில் வீசி, அதே டென்னசியில் முன்பு ஆடிய மோனிகா அபாட்டின் 77 மைல் சாதனையை முறியடித்தார். மே மாதம் தன் சாதனையையே தாண்டி 79.4 மைல் எறிந்தார். பந்து கையை விட்டுப் பேட்டுக்கு வந்து சேர 0.4 நொடிகூட ஆகாது. பார்த்துவிட்டு அடிப்பது என்பதே கிடையாது. ஊகித்துத்தான் பேட்டைச் சுழற்ற வேண்டும்.

சரி, இந்த ஆண்டு, அதாவது 2026 சீசன், எப்படி இருக்கும்? ஆபீஸில் உங்களுக்குப் பேச வேண்டியது இதுதான்.

ஒக்லஹோமாவும் டெக்சாஸும் 2024 ஜூலையில் சவுத் ஈஸ்டர்ன் கான்ஃபரன்ஸில் சேர்ந்தன. கான்ஃபரன்ஸ் என்றால் தங்களுக்குள் ஆடும் பல்கலைக்கழகங்களின் கூட்டமைப்பு. எஸ்.இ.சி. என்றே எல்லோரும் சொல்வார்கள். இதில் 16 பல்கலைக்கழகங்கள் உண்டு. வாண்டர்பில்ட்டுக்கு சாஃப்ட்பால் அணி கிடையாது என்பதால் நம் கணக்குக்கு 15. ஒவ்வொரு அணியும் மற்ற 14-இல் எட்டு அணிகளோடு மட்டும், வார இறுதிக்கு மூன்று ஆட்டம் வீதம், 24 ஆட்டங்கள் ஆடும். ஆகவே எல்லோருக்கும் ஒரே கடினம் இல்லை. யாருக்கு எந்த எட்டுப் பேர் வாய்த்திருக்கிறார்கள் என்று அட்டவணையைப் பார்க்காமல் புள்ளிப் பட்டியலை வைத்துப் பேசாதீர்கள்.

போன ஆண்டு தேசிய இறுதிச் சுற்றுக்கு வந்த எட்டு அணிகளில் ஐந்து எஸ்.இ.சி. அணிகள்: டெக்சாஸ், ஒக்லஹோமா, டென்னசி, ஃப்ளோரிடா, முதல்முறையாக ஓல் மிஸ் (மிசிசிப்பி பல்கலைக்கழகம்). பட்டம் டெக்சாஸுக்கு. அவர்களுக்கு அதுவே முதல் பட்டம். மூன்று ஆட்டம் கொண்ட இறுதிப் போட்டியில் எதிரே இருந்தது பிக் 12 கான்ஃபரன்ஸின் டெக்சாஸ் டெக். அந்த அணியின் பிட்சர் நைஜாரி கனடி தொடர் முழுக்கத் தனியாளாக வீசிக்கொண்டே வந்தார். நம் ஒக்லஹோமாவை அரையிறுதியில் 3-2 என்று வெளியேற்றியதும் அவர்தான். ஐந்தாவது தொடர் பட்டம் என்ற கனவு அங்கே முடிந்தது. அன்று இந்தத் தெருவில் ஒருவர்கூடச் சத்தமாகப் பேசவில்லை. ஆனால் மூன்றாவது இறுதி ஆட்டத்தில் முதல் இன்னிங்ஸிலேயே கனடி ஐந்து ரன் விட்டுக்கொடுத்து வெளியே வர வேண்டியதாயிற்று. டெக்சாஸ் 10-4 என ஜெயித்தது. கை ஓய்ந்துவிட்டது, வேறென்ன!

இந்த சீசனை நான் பார்க்கும் விதமே அந்த ஆட்டத்திலிருந்து வந்தது. ஒரு பிட்சர் மகா கெட்டிக்காரராக இருக்கலாம், ஆனால் பிப்ரவரியில் தொடங்கி ஜூன் வரை ஒரே தோள் தாங்காது. அணியில் நம்பி வீசத் தரக்கூடிய கைகள் எத்தனை என்று எண்ணுங்கள். மற்றதெல்லாம் அப்புறம்.

அப்படி எண்ணினால் ஒக்லஹோமா நன்றாகவே நிற்கிறது. போன ஆண்டு 24-இல் 17 ஜெயித்து எஸ்.இ.சி. முதலிடம் பிடித்தபோது பெரும்பாரத்தைச் சுமந்த பிட்சர் சாம் லாண்ட்ரி படிப்பு முடித்துப் போய்விட்டார். அது பெரிய இழப்பு. ஆனால் எல்.எஸ்.யூ.விலிருந்து (லூசியானா மாநிலப் பல்கலைக்கழகம்) சிட்னி பெர்சன், ஓல் மிஸ்ஸிலிருந்து மியாலி குவாச்சினோ என இரண்டு பேர் மாறி வந்திருக்கிறார்கள். கியர்ஸ்டன் டீல் கடைசி ஆண்டு ஆடுகிறார். மூன்று கை ஆயிற்று. பேட்டிங்குக்கு எல்லா பார்க்கர் (Ella Parker) என்பவர் இருக்கிறார். டென்னசிக்கு எதிராக 3-1 என்று தோற்றுக்கொண்டிருந்த ஆட்டத்தைக் கடைசி இன்னிங்ஸில் மூன்று ரன் ஹோம் ரன் (பந்து வேலியைத் தாண்டும் அடி, நம் சிக்ஸர் மாதிரி) அடித்து 4-3 ஆக்கியவர். அந்தப் பந்து வேலியைத் தாண்டியபோது பக்கத்து வீட்டிலும் எதிர் வீட்டிலும் ஒரே நேரத்தில் கூச்சல் கேட்டது.

டெக்சாஸ்தான் எல்லோரும் வீழ்த்தப் பார்க்கும் அணி. போன ஆண்டு இறுதிச் சுற்றின் சிறந்த வீராங்கனை டீகன் கேவன் இன்னும் இருக்கிறார், கேட்சர் (நம் விக்கெட் கீப்பர் மாதிரி) ரீஸ் ஆட்வுட்டும் இருக்கிறார். முதல் இறுதி ஆட்டத்தில் ஆட்வுட்டை அடிக்க விடாமல், வேண்டுமென்றே முதல் தளத்துக்குச் சும்மா நடக்கவிட, பந்தை எட்டாதபடி வெளியே வீசினார் கனடி. பந்து எட்டும் தூரத்தில் வந்துவிட்டது. ஆட்வுட் விடவில்லை, எட்டி அடித்தார், இரண்டு ரன், ஆட்டம் 2-1. விழிப்பாக இருப்பது என்றால் அதுதான். ஆனால் முழங்கால் தசைநார் கிழிந்த நிலையிலும் மூன்றாவது ஆட்டத்தில் நான்கு ரன் ஹோம் ரன் அடித்த மியா ஸ்காட் இனி இல்லை. அந்த இடத்தை நிரப்புவது சுலபமல்ல.

டென்னசிக்கு பிக்கன்ஸின் கடைசி ஆண்டு இது. அவர் வீசும் நாளில் யாரையும் சாய்ப்பார்கள். அவர்களுக்குக் கவலை ரன் எடுப்பதில். முக்கிய ஆட்டக்காரர் டெய்லர் பன்னெல் டெக்சாஸ் டெக்குக்குப் போய்விட்டார். ஃப்ளோரிடாவிலிருந்து மியா வில்லியம்ஸும் அங்கேயே போயிருக்கிறார். இருந்தாலும் ஃப்ளோரிடாவில் பிட்சர் கீகன் ராத்ராக் மூன்றாம் ஆண்டுக்கு வருகிறார், டிம் வால்டன் அனுபவசாலி. முதல் நான்குக்குள் வந்துவிடுவார்கள் என்றே நினைக்கிறேன்.

டெக்சாஸ் ஏ அண்ட் எம் போன ஆண்டு நாட்டின் முதலிட அணியாகத் தேசியப் போட்டியில் நுழைந்து, முதல் சுற்றிலேயே லிபர்ட்டி பல்கலைக்கழகத்திடம் தோற்றது. முதலிட அணிக்கு அப்படி நேர்ந்ததே இல்லை. காயம் ஆறியிருக்காது. ஆர்கன்சாவுக்கு பிரி எல்லிஸ் போன இடம் வெறுமையாக இருக்கும். சவுத் கரோலினாவை மட்டும் கொஞ்சம் கவனியுங்கள். புதுப் பயிற்சியாளரின் முதல் ஆண்டிலேயே இறுதிச் சுற்றின் வாசல்வரை போய்விட்டு, சொந்த மண்ணில் யூ.சி.எல்.ஏ.விடம் (லாஸ் ஏஞ்சலஸ் கலிஃபோர்னியா பல்கலைக்கழகம்) விட்டவர்கள். மற்ற அணிகளும் லேசுப்பட்டவை அல்ல. பட்டியலில் பத்தாவதாக இருக்கும் அணிகூட ஒரு சனிக்கிழமை வந்து நம்மைத் தோற்கடித்துவிட்டுப் போகும்.

அடுத்து நீங்கள் செய்ய வேண்டியது. ஆட்டங்கள் பிப்ரவரி முதல் வாரம் தொடங்கும், முதலில் வெளியூர்ப் போட்டிகள். கான்ஃபரன்ஸ் ஆட்டங்கள் மார்ச்சில். வார இறுதி டிக்கெட் கிடைப்பது கஷ்டம், விலையும் அதிகம். செவ்வாய், புதன் மாலை ஆட்டங்களைப் பாருங்கள், அங்கேதான் புதியவர்களுக்கு இடம் கிடைக்கும். பை கொண்டுபோனால் உள்ளே இருப்பது வெளியே தெரியும் பிளாஸ்டிக் பையாக இருக்கட்டும். வெயில் அடிக்கிறதே என்று வெறும் சட்டையோடு போகாதீர்கள். சூரியன் இறங்கியதும் இந்த ஊர்க் காற்று எலும்பைத் துளைக்கும், போர்வையே கொண்டுபோகலாம். மின்னல் தெரிந்தால் ஆட்டத்தை நிறுத்துவார்கள், கடைசி மின்னலிலிருந்து 30 நிமிடம் கழித்துத்தான் மறுபடி தொடங்கும். அந்த நேரத்தில் காரில் உட்காருங்கள், வீட்டுக்குத் திரும்பிவிடாதீர்கள். கருஞ்சிவப்பில் ஏதாவது போட்டுக்கொள்ளுங்கள், ஆரஞ்சு வேண்டாம், அது டெக்சாஸ் நிறம். யாராவது "பூமர்" என்று கத்தினால் "சூனர்" என்று பதில் சொல்ல வேண்டும். தெரியாதவர்கூட அதற்கப்புறம் பேச ஆரம்பித்துவிடுவார்.

நான் போன முதல் ஆட்டத்தில் பக்கத்தில் எழுபது வயது தாண்டிய ஒரு அம்மா. மடியில் ஸ்கோர் நோட்டு, கையில் பென்சில். மூன்று ஸ்ட்ரைக்கில் (அடிக்கத் தவறிய பந்து, அல்லது அடிக்காமல் விட்ட நல்ல பந்து) அவுட்டானவருக்கு ஆங்கில கே எழுத்தைப் போட்டார். அடுத்தவருக்கும் அதே எழுத்து, ஆனால் கண்ணாடியில் பார்ப்பது போலத் திருப்பி. ஏன் என்று கேட்டேன். "இவள் பேட்டைச் சுழற்றவே இல்லை, பந்தைப் பார்த்துக்கொண்டே நின்றாள், அதற்குத் திருப்பிப் போட வேண்டும்" என்றார். நாலாவது இன்னிங்ஸில் பென்சிலை என்னிடம் தந்துவிட்டுக் காபி வாங்கப் போனார். ஊருக்கு வந்து ஐந்து மாதத்தில் என்னை நம்பி ஒருவர் ஒரு வேலையை ஒப்படைத்தது அன்றுதான். இன்றும் மாதம் ஒருமுறை எங்கள் வீட்டில் சாப்பிடுகிறார். ரசம் என்றால் இரண்டு டம்ளர்.

மே கடைசியில் இறுதிச் சுற்று வேறெங்கோ நடப்பதில்லை, ஒக்லஹோமா சிட்டியில் மிருகக்காட்சிசாலைக்குப் பக்கத்தில் டெவன் பார்க்கில்தான். இங்கிருந்து காரில் அரை மணி நேரத்துக்குச் சற்று மேல். 2028 ஒலிம்பிக் சாஃப்ட்பாலும் அங்கேயே நடக்கப்போகிறது. ஊரிலிருந்து அப்பா அம்மாவை அழைக்கும் மாதத்தை யோசிப்பவர்கள் இதையும் கணக்கில் வையுங்கள்.

பெண் பிள்ளை வைத்திருப்பவர்களுக்கு ஒன்று. ஊர்ப் பூங்கா அணிகளுக்குப் பதிவு குளிர்காலத்திலேயே தொடங்கிவிடும், மார்ச்சில் போய் நின்றால் இடம் இருக்காது. பத்து வயதுக்குக் கீழே 11 அங்குலப் பந்துதான் தருவார்கள். முகக் கம்பியுள்ள ஹெல்மெட் கட்டாயம் வாங்குங்கள். கையுறை மட்டும் புதிதாக வாங்க வேண்டாம். பழையது, யாரோ போட்டுப் பழக்கியது கிடைத்தால் அதுதான் நல்லது, விறைப்பில்லாமல் பந்து கையில் நிற்கும். எங்கள் வீட்டில் மகள் சின்னதில் போட்டது ஒன்று சும்மா கிடக்கிறது, இடது கையில் மாட்டுவது. வேண்டியவர்கள் சொல்லுங்கள், கொண்டுவந்து தருகிறேன்.