டேடோனா, ஸ்பீட்மாஸ்டர், க்ரோனோமாஸ்டர் ஸ்போர்ட்: ஓடுகளத்தில் நேரம் எடுக்க எது?

ஓடுகளம்:
வணக்கம். கடைசியில் மூன்றில் வந்து நிற்கிறது: ரோலெக்ஸ் டேடோனா 126500எல்என், ஒமேகா ஸ்பீட்மாஸ்டர் மூன்வாட்ச் (3861 மெஷின்), ஜெனித் க்ரோனோமாஸ்டர் ஸ்போர்ட். மூன்றுமே ஸ்டீல், செயின். மணிக்கட்டு 16.5 செ.மீ. வாரம் 5 நாள் 400 மீட்டர் தடத்தில் சுற்று நேரம் எடுக்க வேண்டும். வியர்வை, தூசி, சில நாள் மழை, நீச்சல் கிடையாது. போட்டிக்கு டிஜிட்டல் ஸ்டாப்வாட்ச் தனியாக உண்டு. புதுசானாலும் சரி, ஒரு கை மாறியதானாலும் சரி.

நடுமுள்:
எல்லோரும் மெஷினிலிருந்து பேச்சை ஆரம்பிப்பார்கள். உங்கள் வேலைக்கு முதலில் பார்க்க வேண்டியது பொத்தான்.

டேடோனாவின் இரண்டு பொத்தான்களும் திருகு வகை. நேரம் எடுக்கும் முன் இரண்டையும் திருகித் திறக்க வேண்டும், முடிந்ததும் திருகி மூட வேண்டும். 100 மீட்டர் நீர்காப்பு மூடிய நிலைக்குத்தான். ஒரு பயிற்சியில் இருபது முறை நேரம் எடுப்பவர் ஒவ்வொரு தடவையும் இதைச் செய்ய மாட்டார், திறந்தே விடுவார். அப்போது வியர்வையும் மண்ணும் திருகுமரைக்குள் போய், நாளடைவில் திருகும்போது நறநறக்கும். ஸ்பீட்மாஸ்டரிலும் ஜெனித்திலும் நேராக அழுத்தும் பொத்தான். ஸ்பீட்மாஸ்டரின் நீர்காப்பு 50 மீட்டர்தான் என்றாலும் மழைக்குப் போதும். எந்த வாட்சானாலும் நனைந்திருக்கும்போது பொத்தானை அழுத்தாதீர்கள்.

அடுத்தது, படிப்பது. ஜெனித்தின் நடுமுள் 10 விநாடிக்கு ஒரு சுற்று வரும். மணிக்கு 36,000 அதிர்வு என்பதால் பத்தில் ஒரு பங்கு விநாடியை பெசலில் (முகப்பைச் சுற்றியுள்ள வளையம்) அப்படியே படிக்கலாம், பார்க்க அழகோ அழகு. ஆனால் மொத்த விநாடியை 3 மணிப் பக்கச் சின்ன வட்டத்தில் தேட வேண்டும். நிறுத்திவிட்டுப் படித்தால் சிக்கலில்லை. ஓடிக்கொண்டிருக்கும்போது ஒரு பார்வையில் சுற்று நேரம் சொல்வது கடினம். தவிர, அதன் எண்ணி 60 நிமிடத்தோடு சரி, மணி எண்ணி கிடையாது. மற்ற இரண்டிலும் 30 நிமிடம், 12 மணி இரண்டும் உண்டு.

பத்தில் ஒரு பங்கு உங்களுக்கு உண்மையில் தேவையா என்பதும் கேள்வி. ஸ்பீட்மாஸ்டர் முள் விநாடிக்கு 6 துடிப்பு, டேடோனா 8, ஜெனித் 10. கையால் எடுக்கும் 400 மீட்டர் நேரத்தை மின்னணு நேரத்தோடு ஒப்பிட வழக்கமாகக் கூட்டுவதே 0.14 விநாடி. மெஷின்களுக்கு இடையே உள்ள வித்தியாசம் உங்கள் விரலின் பிசகுக்குள் அடங்கிவிடும்.

சக்கரப்பல்:
நடுமுள் சொன்னதில் பாதிதான் சரி. தொடக்கத் துல்லியத்தைத் தொடவே இல்லை.

ஸ்டார்ட் அழுத்தியதும் நேரம் எடுக்கும் முள்ளை மெஷினோடு இணைப்பது கிளட்ச். ஸ்பீட்மாஸ்டரிலும் ஜெனித்திலும் படுக்கை கிளட்ச். ஸ்டார்ட் அழுத்தும்போது பல்லோடு பல் வந்து சேர்வதால் முள் லேசாக முன்னே குதிக்கலாம், இல்லை பின்னே தடுமாறலாம். பழுதில்லை, வகையின் குணமே அது. சக்தியும் கொஞ்சம் உறிஞ்சும், அதனால் பாலன்ஸ் வீலின் (நேரத்தை ஒழுங்காக்கும் ஊசல் சக்கரம்) வீச்சு குறையும். டேடோனாவின் 4131 மெஷினில் செங்குத்து கிளட்ச், அதுவும் உராய்வில் பிடிப்பது. குதிப்பு இருக்காது, ஓடவிட்டாலும் வீச்சு பெரிதாக இறங்காது. மணிக்கணக்கில் க்ரோனோவை (வாட்சின் ஸ்டாப்வாட்ச் பகுதி) ஓடவிடுபவருக்கு இது பெரிய விஷயம். உங்களுக்கு அப்படியில்லை.

முக்கியமாக ஒன்று: மூன்றிலுமே ஸ்ப்ளிட் முள் (இடை நேரத்துக்குத் தனியாக நிற்கும் இரண்டாவது முள்) இல்லை, ஃப்ளைபேக்கும் (ஓடும்போதே ஒரே அழுத்தலில் பூஜ்யமாகி மறுபடி ஓடுவது) இல்லை. தொடர்ந்து சுற்று எடுக்க நிறுத்து, பூஜ்யம், மறுபடி ஸ்டார்ட் என்று மூன்று அழுத்தல். அதற்குள் ஓட்டக்காரர் பத்து மீட்டராவது போயிருப்பார். அதனால் நிறுத்தாமல் ஓடவிட்டு, கோட்டைத் தாண்டும் கணத்தில் முள்ளைப் படித்துக் கழிப்பதுதான் வழி. அதற்கு ஒரு நிமிடச் சுற்று முள் வேண்டும். அந்தக் கணக்கில் ஜெனித் கழிகிறது, இதில் நடுமுள்ளோடு ஒத்துப்போகிறேன். ஓடும்போது ரீசெட்டை மட்டும் அழுத்திவிடாதீர்கள்.

வேகம் காட்டும் டாக்கிமீட்டர் பெசல் 1 கி.மீ. கணக்கு, 60 விநாடிக்கு மேல் வேலை செய்யாது. 200 மீட்டருக்குப் பயன்படுத்துங்கள்: 36 விநாடி என்றால் பெசலில் 100, 0.2-ஆல் பெருக்கினால் மணிக்கு 20 கி.மீ.

ஓடுகளம்:
நன்றி இருவருக்கும். அப்போ ஸ்பீட்மாஸ்டர் பக்கம் சாய்கிறேன். 42 மி.மீ. என் கைக்குப் பெரிதாகத் தெரியாதா? கண்ணாடி ஹெசலைட்டா (பிளாஸ்டிக் வகை), சஃபையரா (கீறல் எளிதில் விழாதது)? பழசு வாங்கினால் என்ன பார்ப்பது?

திருகாணி:
42-ஐப் பார்த்துப் பயப்பட வேண்டாம். லக் (செயின் மாட்டும் கொம்பு) நுனிக்கு நுனி சுமார் 48 மி.மீ.; 16.5 செ.மீ. கைக்கு உட்காரும். உயரம் 13 மி.மீ. சொச்சம், முழுக்கைச் சட்டையில் கொஞ்சம் இடிக்கும்.

தூசித் தடத்துக்கு சஃபையர் எடுங்கள். ஹெசலைட் உடைந்து சிதறாது, கீறலைப் பாலிஷ் பசை தேய்த்து எடுத்துவிடலாம்; ஆனால் மணல் பட்டால் வாரா வாரம் அதே வேலை. சாவி கொடுக்கிற வாட்ச் என்பதை மறக்காதீர்கள்: 50 மணி நேரம் தாங்கும், தினம் காலையில் ஒரே நேரத்தில் கொடுங்கள், இறுகி நின்றால் அதற்கு மேல் திருக வேண்டாம்.

பழசு என்றால்: முழுச் சாவி கொடுத்து, க்ரோனோவை 35 நிமிடமாவது ஓடவிடுங்கள். 30 நிமிட எண்ணி ஒவ்வொரு நிமிடமும் சுத்தமாக நகர வேண்டும், 30 தாண்டும் இடத்தில் தயங்கக் கூடாது. ரீசெட் செய்தால் முள்கள் அத்தனையும் பூஜ்யத்தில் நேராக நிற்க வேண்டும். பத்து முறை செய்து பாருங்கள், சில தடவை மட்டும் தள்ளி நின்றால் முள் பிடிப்பு தளர்ந்திருக்கலாம். டைம்கிராஃபரில் (ஓட்டத்தையும் வீச்சையும் அளக்கும் கருவி) வைக்கும் கடைக்காரர் வழக்கமான 52 டிகிரி லிஃப்ட் கோணத்தையே (வீச்சைக் கணக்கிட அதில் பதியும் எண்) விட்டிருந்தால், கோ-ஆக்சியல் வகையான 3861 மெஷினுக்கு வீச்சு தப்பாகக் காட்டும். அதை நம்பி வாங்கவும் வேண்டாம், விடவும் வேண்டாம்.

மனசு மாறி மறுபடி டேடோனா பக்கம் போனால் இரண்டு செலவு: கடையில் வரிசை, வெளியே பட்டியல் விலைக்கு மேல். இந்தியாவில் 10 லட்சம் ரூபாயைத் தாண்டும் கைக்கடிகாரத்துக்கு 2025 ஏப்ரல் 22 முதல் 1 சதவீதம் டி.சி.எஸ். (விற்பவரே வாங்கிக் கட்டும் முன்வரி) பிடிக்கிறார்கள். வருமான வரியில் கழித்துக்கொள்ளலாம், பில்லில் உங்கள் பான் எண் சரியாக இருக்கிறதா என்று கடையிலேயே பார்த்துவிடுங்கள்.