லினக்ஸ் கர்னலை மாற்றினேன், சிடி ரைட்டர் காணாமல் போனது: உங்களுக்கும் நடந்ததா?

ஒற்றைப்பனை:
பழைய கதைதான், ஆனாலும் மறக்க முடியவில்லை. லினக்ஸின் மையப் பகுதியான கர்னலை 2.4-லிருந்து 2.6-க்கு மாற்றிய புதிது. கர்னலை ஏற்றும் லிலோ நிரலின் அமைப்பில், 'எச்டிசி' என்ற என் சிடி டிரைவை ஸ்கஸி வகை டிரைவாகக் காட்டும் 'எச்டிசி=ஐடிஇ-ஸ்கஸி' வரியை அப்படியே விட்டுவிட்டேன். 2.4-ல் பொதுவாக அதை வைத்துத்தான் சிடி எழுதினோம், தெரிந்ததுதானே. புதுக் கர்னலோ ஒவ்வொரு முறை பூட் ஆகும்போதும் "சிடி எழுத ஐடிஇ-ஸ்கஸி வழக்கொழிந்தது, ஐடிஇ-சிடியைப் பயன்படுத்து" என்று ஒரு வரி காட்டிக்கொண்டே இருந்தது. ஒரு மாதம் பார்த்தேன். பார்த்தேன் என்றால், அது ஓடுவதைப் பார்த்தேன், அவ்வளவுதான்.

ஆய்வேட்டை ஒப்படைக்க முந்தின ராத்திரி எழுத வைத்தேன். டேட்டா முழுக்கச் சிடியில் ஏறிவிட்டது. 'ஃபிக்ஸேட்டிங்' (எழுதியதை மூடி முடிக்கும் கடைசிக் கட்டம்) என்று வந்து நின்றது. நின்றது நின்றதுதான். கில் போட்டால் சாகவில்லை. விளக்கு அணையவில்லை. பொத்தானை அழுத்தினால் தட்டு வெளியே வரவில்லை. ஒரு காகிதக் கிளிப்பை நிமிர்த்தி முன்பக்கத்து ஓட்டையில் குத்தினேன். தட்டு பாதி வந்தது, உள்ளே சிடி இன்னும் சுற்றிக்கொண்டிருக்கிறது! அந்தச் சர்ர்ர் என்ற சத்தம் இன்னும் காதில் இருக்கிறது.

மூணாவது தட்டு:
எனக்கு 2.6.8 கர்னல். ஆகஸ்ட் 2004. முந்தின நாள் வரை சாதாரண யூசராக, சிடி எழுதும் நிரலான கே3பி-யில் எழுதிக்கொண்டிருந்தேன். கர்னல் ஏற்றிய மறுநாள் அதே டிரைவ், அதே சிடி, அதே கே3பி, ஆனால் "அனுமதி இல்லை". எல்லா உரிமையும் உள்ள ரூட்டாகப் போனால் எழுதுகிறது. கே3பி-க்குள் உண்மையில் எழுதும் சிடிரெக்கார்டுக்கு, யார் ஓட்டினாலும் ரூட் உரிமை தரும் செட்யூஐடி போட்டுப் பார்த்தேன், அப்போதும் இல்லை. வீட்டில் மூன்று பேர் அந்த மெஷினைப் பயன்படுத்தினார்கள். மூவருக்கும் ரூட் பாஸ்வேர்டைச் சொல்லிவிட்டேன். எதைச் சரிசெய்வதற்காக அந்தக் கர்னல் வந்ததோ, அதைவிடப் பெரிய ஓட்டையை என் கையாலேயே போட்டேன். இதைத்தான் நினைத்து நினைத்துச் சிரிக்கிறேன்.

வட்டெழுத்து:
மேலே எழுதியவரே, "அதைவிடப் பெரிய ஓட்டை" என்று நீங்களே ஒப்புக்கொண்டீர்கள், சந்தோஷம். ஆனால் கர்னல் செய்தது தப்பில்லை. அதுவரை டிரைவைப் படிக்க மட்டும் அனுமதி உள்ள ஒருவன்கூட டிரைவுக்கு நேரடிக் கட்டளை (ஸ்கஸி கமாண்ட்) அனுப்பி, அதற்குள் இருக்கும் மென்பொருளான ஃபர்ம்வேரையே அழித்துவிடலாம். அதை அடைக்கத்தான் தெரியாத கமாண்டை எல்லாம் தடுத்தார்கள். அனுமதிப் பட்டியல் முதலில் குறைவாக இருந்தது, பிறகு கூட்டினார்கள். செட்யூஐடி ஏன் உதவவில்லை என்றால், சிடிரெக்கார்ட் வேலையைத் தொடங்கும் முன்பே ரூட் உரிமையைக் கைவிட்டுவிடும்.

ஒற்றைப்பனை, சிடி சுற்றும்போது கிளிப்பைக் குத்தாதீர்கள். முதலில் பவரை அணைக்க வேண்டும். அந்த ஓட்டை, பவர் இல்லாதபோது தட்டைத் திறக்கத்தான்.

என் அனுபவம் சின்னது: எழுதிய சிடியைக் கடைசிவரை படித்தால் முடிவில் பிழை வரும், கெட்டுவிட்டது என்று ஏழெட்டைத் தூக்கி எறிந்தேன். பிறகுதான் தெரிந்தது, டிராக் டிராக்காக எழுதும் டிராக்-அட்-ஒன்ஸ் முறையில் எழுதினால் டிராக்கின் முடிவில் இரண்டு செக்டர்கள் (டேட்டாவின் சின்னத் துண்டுகள்) படிக்க முடியாதபடி இருக்கும். டேட்டா நன்றாகத்தான் இருந்தது. ஆகவே சரிபார்க்கும்போது, சிடியில் எழுதிய மூலக் கோப்பான ஐஎஸ்ஓ கோப்பின் அளவு வரைக்கும் மட்டும் படியுங்கள். பைட்டில் உள்ள அளவை 2048-ஆல் வகுத்தால் எத்தனை செக்டர் என்று வந்துவிடும். இல்லையென்றால் முழுச் சிடியையும் ஒரே மூச்சில் எழுதும் டிஸ்க்-அட்-ஒன்ஸ் போடுங்கள். அப்புறம் கர்னல் ஏற்றும்போது பழையதை பூட் மெனுவிலிருந்து நீக்காதீர்கள். ஏற்றியதும் முதல் வேலையாக டம்மி முறையில் ஒருமுறை ஓட்டிப் பாருங்கள், லேசர் எரியாது, சிடி வீணாகாது. யூசரை, டிரைவைப் பயன்படுத்த அனுமதி உள்ள சிடிராம் குழுவில் சேர்த்திருக்கிறீர்களா என்றும் பாருங்கள். இதை எல்லாம் எத்தனை தடவைதான் சொல்வது?

மூணாவது தட்டு:
நான் அறிவுரை கேட்கவில்லையே ஐயா.

கூழாங்கல்:
நீங்கள் எல்லாரும் கொடுத்துவைத்தவர்கள், பிழைச் செய்தியாவது வந்தது. எனக்கு அதுவும் இல்லை. வாராவாரம் பேக்கப் எழுத, குறித்த நேரத்தில் தானே வேலையை ஓட்டும் கிரானில் ஒரு ஸ்கிரிப்ட். அதில் டிரைவின் பெயர் 'எச்டிசி' என்றே எழுதியிருந்தது. லிப்ஏடிஏ என்ற புது டிரைவ் இயக்கி வந்த கர்னலுக்கு மாறியதும் டிரைவ் 'எஸ்ஆர்0' ஆகிவிட்டது. எழுதும் வரி தோற்றது, ஆனால் கடைசி வரியில் இஜெக்ட் மட்டும் பெயர் சொல்லாமல் போட்டிருந்தேன், அது ஒழுங்காக வேலை செய்தது! திங்கட்கிழமை காலை தட்டு வெளியே நீட்டிக்கொண்டிருக்கும். நானும் சிடியை எடுத்து, மார்க்கரில் தேதி எழுதி, உறையில் போட்டு அடுக்கி வைப்பேன். கிரான் அனுப்பிய பிழை மெயில்கள் ரூட்டின் பெட்டியில் குவிந்திருக்கின்றன, யார் பார்த்தார்கள்?

ஒருநாள் ஒரு கோப்பு தேவைப்பட்டது. சிடியைப் போட்டேன், காலி. முந்தின வாரத்துச் சிடி, காலி. அப்புறம் டிரைவில் போடவே இல்லை, ஒவ்வொன்றாக விளக்கில் சாய்த்துப் பார்த்தேன். எழுதிய சிடி என்றால் அடியில் நடுவிலிருந்து கொஞ்ச தூரம் கருத்த வளையம் தெரியும் அல்லவா? பதினோரு சிடியிலும் ஒரே வெளிர் பச்சை. மேலே மட்டும் என் கையெழுத்தில் பதினோரு தேதிகள்.

வட்டெழுத்து:
டிரைவுகளுக்குப் பெயர் வைக்கும் உதெவ் நிரலில் ஒரு விதி எழுதி நிலையான பெயர் வைத்திருக்கலாம். ஸ்கிரிப்டின் முதலில், ஒரு வரி தோற்றால் அங்கேயே நிறுத்தும் 'செட் -ஈ' போட்டிருந்தால் இஜெக்டே நடந்திருக்காது.

கூழாங்கல்:
இப்போது போட்டிருக்கிறேன். கோப்புதான் இல்லை.

ஒற்றைப்பனை:
வட்டெழுத்து கேட்கும் முன் நானே சொல்லிவிடுகிறேன்: பவரை அணைத்தேன், கிளிப்பைக் குத்திய பிறகு. லிலோவில் அந்த வரியை அழித்து, 'எச்டிசி'-யையே நேராகக் கொடுத்து, விடிய நாலு மணிக்கு இன்னொரு சிடியில் எழுதினேன். முதல் சிடியை இன்னும் வைத்திருக்கிறேன். எந்த டிரைவிலும் திறக்காது, ஆனால் அடியில் வளையம் நன்றாகவே கருத்திருக்கிறது.