பேஸ்கட்பால் த்ரீ பாயிண்ட் லைன் 6.75 மீட்டர்: டேப்பை எங்கிருந்து பிடிப்பது?

மூலைஷூட்டர்:
எங்கள் சிமெண்ட் கோர்ட்டில் கோடுகள் அழிந்துபோனதால் போன மாதம் நாங்களே பெயிண்ட் அடித்தோம். கம்பத்தின் அடியில் டேப்பைப் பிடித்து 6.75 அளந்து த்ரீ பாயிண்ட் லைன் (இதற்கு வெளியிலிருந்து போட்டால் மூன்று புள்ளி) போட்டோம். வெளியே ஒரு மேட்ச் ஆடப் போனால் எல்லா ஷாட்டும் ரிங்குக்கு முன்னாலேயே விழுகிறது. ரிங் மாட்டிய போர்டு கம்பத்தை விட்டு ஒரு மீட்டர் முன்னால் நிற்கிறது. தப்பு அங்கேதானா? ஃப்ரீ த்ரோ லைனுக்கும் (ஃபவுலுக்குக் கிடைக்கும் ஷாட்டை நின்று போடும் கோடு) ஒருவர் 5.80 என்கிறார், இன்னொருவர் 4.60, வேறொருவர் 4.225. எதை நம்புவது?

தூக்குக்குண்டு:
அங்கேதான். 6.75 என்பது ரிங்கின் நடுப்புள்ளிக்கு நேர் கீழே தரையில் இருக்கும் இடத்திலிருந்து அளப்பது. ரிங்கின் நடு, போர்டின் முகப்பிலிருந்து 37.5 செ.மீ. தள்ளி இருக்கிறது. அதோடு உங்கள் ஒரு மீட்டரையும் கூட்டுங்கள், கோடு ஏறக்குறைய 1.37 மீட்டர் உள்ளே வந்திருக்கும். இவ்வளவு நாளாக 5.38-ல் நின்று பழகிய கைக்கு 6.75 எட்டாதது நியாயம்தானே.

ஃப்ரீ த்ரோவுக்குச் சொன்ன மூன்று அளவும் சரிதான், தொடங்கும் இடம்தான் வேறு. எண்ட் லைனின் (போர்டுக்குப் பின்னால் உள்ள எல்லைக்கோடு) உள்விளிம்பிலிருந்து 5.80, போர்டு முகப்பிலிருந்து 4.60, ரிங் நடுவிலிருந்து 4.225, மூன்றும் அதே கோட்டின் வெளி விளிம்பில்தான் போய் முடிகின்றன.

ரிங்கின் குறுக்கே இரண்டு நூலைக் கூட்டல் குறி போலக் கட்டி, அவை வெட்டும் இடத்திலிருந்து கொத்தனார் தூக்குக்குண்டைத் தொங்கவிடுங்கள். காற்று இல்லாத காலை நேரம் நல்லது. குண்டு ஆடி நின்றதும் அதன் முனை தொடும் இடத்தில் சாக்பீஸால் ஒரு புள்ளி. அப்புறம் எல்லா அளவும் அந்தப் புள்ளியிலிருந்துதான். நைலான் கயிறு வேண்டாம், இழுக்க இழுக்க நீளும், வளைவு கோணிவிடும். இரும்பு டேப்தான் சரி.

கோடுபோடுபவன்:
மேலே சொன்னதோடு ஒன்று. 6.75 கோட்டின் வெளி விளிம்புக்கு. கோட்டின் அகலம் 5 செ.மீ., அதனால் 6.75-க்கு ஒரு வளைவு, 6.70-க்கு ஒரு வளைவு போட்டு நடுவில் பெயிண்ட் அடியுங்கள். பலரும் 6.75-ல் வரைந்துவிட்டு அதற்கு வெளியே அடிப்பார்கள், கோடு 6.80 ஆகிவிடும்.

முழு அரைவட்டமும் போட்டுவிடாதீர்கள். கோர்ட் அகலம் 15 மீட்டர் என்றால் மூலையில் 75 செ.மீ. தான் மிஞ்சும், அதில் கால் வைத்து நிற்பதே சிரமம். அதனால்தான் அங்கே சைடு லைனிலிருந்து 90 செ.மீ. தள்ளி நேர்கோடாக வரும், எண்ட் லைனிலிருந்து 2.99 மீட்டர் வரை. அதற்கு மேல்தான் வளைவு. ஆக மூலையில் தூரம் 6.60 தான், உங்கள் பெயருக்கு ஏற்ற இடம்!

பழைய_பிவட்:
நெட்டில் தேடினால் 7.24 என்றும் வரும், குழம்ப வேண்டாம், அது அமெரிக்கத் தொழில்முறை லீக்கான என்பிஏ அளவு (மூலையில் 6.71). ஃபீபா (உலக பேஸ்கட்பால் அமைப்பு) கோடே 2010 வரை 6.25-ஆகத்தான் இருந்தது, அதனால் பழைய கோர்ட்டுகளில் இன்னும் அந்தக் கோட்டைப் பார்க்கலாம். பெயிண்டுக்கு முன்னால் ரிங் உயரத்தையும் அளந்துவிடுங்கள், 3.05 இருக்க வேண்டும். தரைமேல் புதிதாக சிமெண்ட் பூசிய கோர்ட் என்றால் அந்தக் கனத்துக்கு உயரம் குறைந்திருக்கும், யாரும் கவனிப்பதில்லை.

மூலைஷூட்டர்:
இன்று காலை நூல் கட்டிப் பார்த்தோம். எங்கள் கோடு 5.36-ல் இருக்கிறது. ரிங் 3.01 தான், நாலு செ.மீ. குறைவு, பூச்சு போட்ட தரைதான். ஃப்ரீ த்ரோ லைனையும் கம்பத்திலிருந்து 4.60 என்றே போட்டிருக்கிறோம், அதுவும் போச்சு. முதலில் ரிங்கை ஏற்றிவிட்டு, திரும்ப குண்டு தொங்கவிட்டு, அப்புறம்தான் பெயிண்ட். மூவருக்கும் மிக்க நன்றி.