கண் பரிசோதனை கான்ட்ராக்ட்: பில் எங்கே அடிபடுது? சேலம் பக்கத்து அனுபவங்கள்

அஸ்தம்பட்டி:
கம்பெனி, பட்டறை, எஸ்டேட் ஆளுங்களுக்குக் கண் பரிசோதனை கேம்ப் எடுக்கிற நம்மளை மாதிரி ஆளுங்களுக்குத்தான் இது. கம்பெனிக்காரங்க பணத்தை வெட்டுறது பரிசோதனை சரியில்லைன்னு இல்லை, எண்ணிக்கை ஒத்துப்போகலைன்னுதான். அவங்க கையில மூணு பட்டியல் இருக்கும்: சோதனைக்கு வந்தவங்க, கண்ணாடி எழுதிக் கொடுத்தவங்க, கண்ணாடியை வாங்கிக்கிட்டவங்க. உதாரணத்துக்கு, வந்தது 212, எழுதினது 88, வாங்கிக்கிட்டதுக்கு ஒப்புகை 81ன்னு வைங்க. அந்த 7 ஜோடி எங்கேன்னு காட்டணும். "லீவுல இருந்தாங்க, சூப்பர்வைசர்கிட்ட கொடுத்துட்டோம்"னு வாயால சொன்னா எடுபடாது. ஊழியர் எண், தேதி, கையெழுத்து அல்லது கைநாட்டு வேணும். வேற ஆள் வாங்கினா அவர் பேரும் வேணும்.

கண்ணுக்கு மருந்து போட்டுப் பார்க்கிறதும் கலர் விஷன் பார்க்கிறதும் அந்தத் தலைக்கு இவ்வளவுங்கிற ரேட்டுக்குள்ள வருதான்னு முன்னாடியே எழுதி வாங்கிடுங்க. பாதித் தகராறு அங்கேதான் ஆரம்பிக்குது.

சங்ககிரி:
லாரி டிரைவர் கேம்ப் எடுக்கிறவங்களுக்கு ஒண்ணு. படிவம் 1ஏ-ல (டிரைவிங் லைசென்ஸுக்கான மருத்துவச் சான்று) கையெழுத்துப் போட வேண்டியவர் பதிவு பெற்ற டாக்டர். ஓனர் எவ்வளவு அவசரப்படுத்தினாலும் நாம அதுல கை வைக்கக் கூடாது. நம்ம அளவுகளைத் தனி ரிப்போர்ட்டாக் கொடுக்கலாம்: ரெண்டு கண்ணும் தனித்தனியா, கண்ணாடி இல்லாம, கண்ணாடியோட. இஷிஹாரா (கலர் விஷன் பார்க்கிற புள்ளிப் படப் புத்தகம்) பார்த்தா "கலர் நார்மல்"னு மட்டும் எழுதாதீங்க. எத்தனை தட்டு (படம்) காட்டினீங்க, எத்தனை சரியாச் சொன்னார், எந்த வெளிச்சம்னு எழுதுங்க. மஞ்சள் பல்புக்குக் கீழே லேசான பச்சைக் குறைபாடு நழுவிடும். புத்தகத்தை வெயில்ல திறந்து போட்டாலும் சாயம் வெளுத்துடும்.

செவ்வாப்பேட்டை:
கொலுசுப் பட்டறை வேலை எடுத்தா வேலை தூரத்தை டேப் வச்சு அளந்து கார்டுல எழுதுங்க. 40 செ.மீ.க்கு 2.50 டயாப்டர் (லென்ஸ் பவர் அளவு) தேவைன்னா 25 செ.மீ.க்கு 4.00. வழக்கமான 40 செ.மீ. கணக்குல ஆட் (கிட்டப் பார்க்கிறதுக்குக் கூட்டிப் போடுற பவர்) போட்டா பேப்பர் நல்லாத் தெரியும், சலங்கை தெரியாது. பொடி வச்சு ஊதிப் பத்த வைக்கிறவரை அவர் எப்பவும் உட்கார்ற மாதிரியே உட்கார வச்சு, கையில ஒரு கொலுசைக் கொடுத்துப் பாருங்க. ஒரு மாசம் கழிச்சுக் கண்ணாடி திரும்பி வரும்போது அந்த வேலை தூரம் கார்டுல இல்லைன்னா லென்ஸ் செலவு உங்க தலையிலதான்.

ஏற்காடு:
ஆட்டோ ரெஃப்ராக்டர் (பவர் அளக்கிற மெஷின்) அடிச்சுக் கொடுக்கிற சீட்டைக் கார்டுல ஒட்டிட்டா ரெக்கார்டு முடிஞ்சதுன்னு நினைக்கிறவங்க நிறைய. அது தெர்மல் பேப்பர், மாசக்கணக்குல மங்கிடும். செல்லோ டேப் ஒட்டின இடம் இன்னும் சீக்கிரம் வெளுக்கும், லேமினேஷன் சூட்டுல முழுசாக் கறுத்துப் போகும். அன்னைக்கே பேனாவால கார்டுல எழுதிட்டு, சீட்டை ஜெராக்ஸ் எடுத்து வைங்க. எஸ்டேட் கேம்ப்ல ஒரே பேர்ல நாலஞ்சு பேர் நிப்பாங்க. அப்பா பேர், வயசு, எஸ்டேட் ரோல் நம்பர் மூணும் இல்லாம கார்டு போடாதீங்க.

ஓமலூர்:
பவர் எழுதுற விதம். ஆக்சிஸ்ல (சிலிண்டர் பவரோட கோணம்) டிகிரி வட்டம் போடக் கூடாது. 10-க்குப் பக்கத்துல வட்டம் போட்டா லென்ஸ் கடையில 100ன்னு படிப்பாங்க. 0.5 இல்லை, 0.50. ஆக்சிஸ் 0 இல்லை, 180. பிளஸ், மைனஸ் குறி விடவே கூடாது.

தப்பா எழுதினா ஒரே கோடு, மேல சரியானது, பக்கத்துல இனிஷியல், தேதி. ஒயிட்னர் பட்ட கார்டைப் பார்த்தாலே ஆடிட்டர் மத்த கார்டையும் புரட்ட ஆரம்பிச்சிடுவார். அடுத்து அவர் கண்ணுல படுறது, இடது கண் கட்டத்துல வலது கண் அளவையே அப்படியே இறக்கி வச்சிருக்கிறது. ஃபண்டஸ் (கண்ணோட உள் பின்பக்கம்) பார்த்தீங்கன்னா கப்-டிஸ்க் விகிதம் (பார்வை நரம்புத் தலையில குழி எவ்வளவுங்கிற அளவு) எழுதுங்க. "நார்மல்"ங்கிற ஒத்தச் சொல்லு பார்க்காதவரும் எழுதக்கூடியது.

ஆத்தூர்:
எச்.ஆர். முழு ஃபைலையும் கேட்பாங்க. ஊழியர் சம்மதம் இல்லாம சர்க்கரை, பிரஷர் விவரமெல்லாம் போகக் கூடாது. அந்த வேலைக்குப் பார்வை தகுதியா, கண்ணாடி தேவையாங்கிறதோட நிறுத்துங்க. தனிநபர் தரவுக்கு 2023-லயே சட்டம் வந்தாச்சு. ஜி.எஸ்.டி. கணக்குப் புத்தகம், பில் எல்லாம் ஆண்டு ரிட்டர்ன் கெடு தேதியிலிருந்து 72 மாசம் இருக்கணும்.

அஸ்தம்பட்டி:
விட்டுப்போனது: கண் அழுத்தம் பார்க்கிற கான்ட்ராக்ட்னா அளவோட நேரத்தையும் எழுதுங்க, காலையும் சாயங்காலமும் ஒண்ணா இருக்காது. கோல்ட்மேனை (கண் அழுத்தம் அளக்கிற கருவி) அதோட சோதனைக் கம்பியை வச்சு 0, 20, 60 மூணு இடத்துலயும் சோதிச்சு, தேதி போட்ட ஒரு நோட்டு தனியா வைங்க.