மேம்பாலம் ஏறும்போது மட்டும் மோட்டார் கட் ஆகுது, 24 வோல்ட் வீட்ல செஞ்ச இ-சைக்கிள், கொஞ்சம் உதவி பண்ணுங்க

ஸ்ரீரங்கத்துக்காரன்:
எல்லாருக்கும் வணக்கம். மாமனாருக்காக ஒரு சைக்கிள்ல மோட்டார் மாட்டிருக்கேன். அவர் பூ வியாபாரம், விடியகாலைல சாத்தார வீதில பூ எடுத்து தில்லைநகர் பக்கம் வீடு வீடா போடுவார், முட்டி வலி வந்ததுல இருந்து லோடோட மிதிக்க முடியல, புதுசா இ-சைக்கிள் வாங்குற அளவுக்கு கையில இல்ல, அதான் இருக்குற 28 இஞ்ச் பழைய சைக்கிள்லயே பத்தாயிரத்துக்குள்ள முடிச்சிரலாம்னு இறங்கினேன்.

போட்டிருக்கறது எம்ஒய் 1016 இசட்2 கியர் மோட்டார், 24 வோல்ட் 250 வாட், பிரஷ் டைப். கண்ட்ரோலரும் த்ராட்டிலும் அதுகூடவே கிட்டா வந்தது. பின் வீல்ல இடது பக்கம் 18 பல் ஃப்ரீவீல், அதுக்கு அடாப்டர் லேத்ல கடைஞ்சு வாங்கினேன். பேட்டரி ரெண்டு 12 வோல்ட் 7 ஏஎச் (ஆம்பியர் அவர்), யுபிஎஸ்ல இருந்து கழட்டினது, சீரிஸ்ல போட்டு முன்னாடி கூடைல வச்சிருக்கு. கண்ட்ரோலர் பின்னாடி கேரியருக்கு கீழ. வயரிங் மட்டும் தெரிஞ்ச ஆட்டோ எலெக்ட்ரீஷியன் ஒருத்தர் பண்ணிக் குடுத்தார்.

இப்ப பிரச்சனை என்னன்னா சமதளத்துல ஜம்முனு போகுது, தென்னூர் மேம்பாலம் ஏறும்போது பாதில பட்டுனு கட் ஆயிடுது, த்ராட்டில விட்டுட்டு ஒரு செகண்ட் கழிச்சு திருகினா திரும்ப எடுக்குது, கொஞ்ச தூரம் போயி திரும்ப கட். பூ கூடை இல்லாம நான் தனியா ஓட்டினா சில நேரம் ஏறிடுது. கிட் வித்த கடைல கேட்டா மோட்டாரை மாத்திப் பாருங்கன்றாங்க. ஆளாளுக்கு ஒன்னு சொல்றாங்க, தலைய சுத்துது.

வேகப்பிரியன்:
ப்ரோ 250 வாட் எல்லாம் பொம்மை மோட்டார். 48 வோல்ட் 1000 வாட் ஹப் மோட்டார் (வீல் நடுவுலயே உக்கார்றது) முன் வீல்ல மாட்டுங்க, பாலம் என்ன மலையே ஏறும்.

கோவை ரீவைண்டிங்:
மோட்டார் பிரஷ் பாத்தீங்களா? பிரஷ் தேஞ்சிருந்தா லோடுல இப்படி விட்டு விட்டு எடுக்கும். மூடிய கழட்டி கம்யூட்டேட்டர் (பிரஷ் உரசற செம்பு உருளை) கருப்பா இருக்கான்னு பாருங்க.

லித்தியம் ராஜா:
அந்த யுபிஎஸ் லெட் ஆசிட் பேட்டரியை தூக்கி ஓரமா வைங்க. 32650 எல்எஃப்பி (லித்தியம் அயர்ன் பாஸ்பேட்) செல்லு 8 சீரிஸ் போட்டு ஒரு பேக் அடிங்க, எல்லாம் சரியாயிடும்.

சால்டர் வாசனை:
தம்பி, யார் சொன்னாங்கன்னும் இப்பவே எதையும் வாங்காதீங்க. மோட்டார் புதுசு, பிரஷ் அதுக்குள்ள தேயாது, பிரஷ் போச்சுன்னா சமதளத்துலயும் திக்கித் திக்கித்தான் போகும். த்ராட்டில விட்டா ஒரு செகண்ட்ல திரும்ப எடுக்குதுன்னு எழுதிருக்கீங்க பாருங்க, விஷயமே அதுலதான் இருக்கு. இது மோட்டார் நிக்கறது இல்ல, கண்ட்ரோலர் நிறுத்துறது. கண்ட்ரோலர் மேல ஒரு ஸ்டிக்கர் இருக்கும், அதுல அண்டர் வோல்டேஜ்னு ஒரு நம்பர் போட்டிருப்பான், 24 வோல்ட் கண்ட்ரோலர்னா பெரும்பாலும் 20, 20.5 அந்த மாதிரி. மேடு ஏறும்போது கரண்ட் அதிகமா இழுக்கும், பேட்டரி வோல்டேஜ் கீழ இறங்கும், அந்த நம்பருக்கு கீழ போன உடனே அவன் மோட்டாரை கட் பண்ணிடுவான். லோடு போனதும் வோல்டேஜ் மேல ஏறிடும், திரும்ப குடுப்பான்.

இப்ப கேள்வி வோல்டேஜ் எங்க போகுதுன்றதுதான். பேட்டரிக்குள்ளயே விழுதா, இல்ல பேட்டரிக்கும் கண்ட்ரோலருக்கும் நடுவுல எங்கயாவது தின்னுதா. சாதாரண மல்டிமீட்டர் போதும். சில விஷயம் சொல்லுங்க: சாவி எந்த வயர்ல போட்டிருக்கு, பேட்டரில இருந்து வர்ற வயர் எவ்ளோ தடிமன், பாலம் ஏறி முடிச்ச உடனே சாவியையும் கனெக்டரையும் தொட்டுப் பாத்தா சுடுதா.

ஸ்ரீரங்கத்துக்காரன்:
அண்ணே தொட்டுப் பாத்தேன், சாவி சுடுது! மாமனார் ஏற்கனவே சொன்னாராம், வெயில்ல நின்னதால சுடுதுன்னு விட்டுட்டாராம். காலைல அஞ்சு மணிக்கு ஏது வெயிலு.

பேட்டரி ப்ளஸ் நேரா சாவிக்குப் போயி அங்கிருந்து கண்ட்ரோலர் தடி சிவப்புக்கு வருது. பேட்டரி வயர் வீட்டு வயரிங்ல லைட் பாயிண்ட்டுக்கு இழுப்பாங்களே, அதுதான், ரோல்ல 1 ஸ்கொயர் எம்எம்னு போட்டிருந்துச்சு. கண்ட்ரோலர் ஸ்டிக்கர்ல 20.5ன்னுதான் இருக்கு.

ஈ ரிக்‌ஷா மெக்கானிக்:
சாவில ஃபுல் கரண்ட்டை விட்டா கருகத்தான் செய்யும். பைக் சாவி ஸ்விட்ச்சுக்குள்ள சின்ன பித்தளைத் தகடுதான் இருக்கு, ஸ்பிரிங் அழுத்தத்துல ஒட்டிக்கிட்டு நிக்குது, 15 ஆம்பியருக்கெல்லாம் செஞ்சது இல்ல. எங்ககிட்ட வர்ற வண்டில பாதிக்கு இதே கதைதான். கண்ட்ரோலர்ல பவர் லாக்குன்னு எழுதின சின்ன சாக்கெட் ஒன்னு தொங்கும் பாருங்க, சாவி அதுக்குத்தான் போகணும். அதுல போற கரண்ட் ரொம்ப கம்மி. தடி சிவப்பு நேரா பேட்டரிக்கு, நடுவுல ஒரு 30 ஆம்பியர் பிளேடு ஃபியூஸ், கார்ல போடறது, பேட்டரி ப்ளஸ் பக்கத்துலயே இருக்கணும்.

சால்டர் வாசனை:
அவர் சொல்றது கரெக்ட், ஆனா மாத்தறதுக்கு முன்னாடி ஒருதடவை அளந்திருங்க, இல்லன்னா பேட்டரியும் சேந்து மோசமா இருந்தா தெரியாமப் போயிடும். மீட்டரை 200 வோல்ட் டிசில வைங்க. தப்பித்தவறி ஆம்பியர் பொசிஷன்ல வச்சு பேட்டரி ரெண்டு முனைலயும் வச்சிராதீங்க, ப்ரோப் வெல்டிங் ஆகி மீட்டரும் போகும் கையும் சுடும்.

மீட்டரை ஹேண்டில்ல டேப் போட்டு ஒட்டி, ப்ரோப்பை முனைல நல்லா கட்டி, கூடையோட பாலம் ஏறுங்க, முடிஞ்சா ஒருத்தர் ஓட்ட ஒருத்தர் பின்னாடியே பைக்ல வந்து மொபைல்ல வீடியோ எடுங்க, கட் ஆகறதுக்கு முந்தின செகண்ட்ல என்ன காட்டுதுன்னு அப்பறமா நிறுத்திப் பாக்கலாம். முதல்ல ஒவ்வொரு பேட்டரியும் தனித்தனியா. அப்பறம் கண்ட்ரோலர் வாசல்ல, அதாவது பேட்டரி வயர் அதுக்குள்ள போற இடத்துல. கடைசியா சாவிக்கு இந்தப் பக்கம் ஒரு ப்ரோப் அந்தப் பக்கம் ஒரு ப்ரோப். சாவி நல்லா இருந்தா ஏறக்குறைய பூஜ்யம் காட்டணும்.

வேகப்பிரியன்:
இவ்ளோ ஆராய்ச்சி தேவையா? பெரிய மோட்டாரா போட்டா ஒரே வேலையா முடிஞ்சுது.

மழைக்கால சைக்கிள்:
வேகப்பிரியன் சார், அது ராட் பிரேக் சைக்கிள். ரிம்மை ரெண்டு ரப்பர் கட்டை கீழ இருந்து இழுத்துப் பிடிக்கும் அவ்ளோதான், மழைல நனைஞ்சா பிடிக்கவே பிடிக்காது. அதுல பூ கூடையோட 40ல ஒரு பெரியவரை அனுப்பச் சொல்றீங்க. 1000 வாட் ஹப்பை டார்க் ஆர்ம் (ஆக்சில் சுத்தாம பிடிச்சு நிறுத்துற இரும்புப் பட்டை) இல்லாம பழைய ஃபோர்க்ல மாட்டினா ஆக்சில் சுத்தி, அது உக்கார்ற ட்ராப் அவுட் பள்ளத்தைக் கிழிச்சுக்கிட்டு வீல் கழண்டு வந்துரும். அதுவும் இல்லாம மத்திய மோட்டார் வாகன விதி 2(யு) படி 250 வாட்டுக்கு உள்ள, 25 கிலோமீட்டர் வேகத்துக்கு உள்ள, பேட்டரி இல்லாம 60 கிலோவுக்கு மிகாம இருக்கறதைத்தான் மோட்டார் வாகனம் இல்லைன்னு விட்டிருக்கு. அதைத் தாண்டினா லைசென்ஸ், ஆர்சி, இன்சூரன்ஸ், எல்லாம் கேப்பாங்க, நம்ம வீட்ல செஞ்ச வண்டிக்கு அதெல்லாம் யார் குடுப்பா?

அப்பறம் ஸ்ரீரங்கத்துக்காரன், கிட்கூட கட் ஆஃப் பிரேக் லீவர் வந்திருந்தா சும்மா போட்டு வைக்காம மாட்டுங்க. பிரேக் பிடிச்சா மோட்டார் நிக்கணும், த்ராட்டில் கேபிள்ல தண்ணி போயி அதுவா ஓடின வண்டிய நான் பாத்திருக்கேன்.

ஸ்ரீரங்கத்துக்காரன்:
மச்சானை பைக்ல கூட்டிட்டுப் போயி வீடியோ எடுத்தோம், ரோட்ல போறவங்க எல்லாம் யூட்யூப் காரங்கன்னு நினைச்சு கைய ஆட்டிட்டுப் போறாங்க.

கட் ஆகறதுக்கு முன்னாடி வந்த ரீடிங்: முதல் பேட்டரி 11.4. ரெண்டாவது 9.8. கண்ட்ரோலர் வாசல்ல 19.8. சாவிக்கு குறுக்க 0.9. நின்னுட்டு இருக்கும்போது ரெண்டு பேட்டரியும் 12.7தான் காட்டுது, அதுதான் எனக்குப் புரியல.

சால்டர் வாசனை:
அருமை, இப்ப எல்லாம் வெட்ட வெளிச்சமா தெரியுது. பேட்டரி ரெண்டும் சேந்து 21.2, கண்ட்ரோலருக்குப் போயி சேர்றது 19.8. நடுவுல 1.4 காணோம். அதுல 0.9 சாவி தின்னுது, மிச்சம் அரை வோல்ட் வயரும் கனெக்டரும். சாவியை பவர் லாக்குக்கு மாத்தி, வயரை 2.5 ஸ்கொயர் எம்எம் ஆக்கி, பேட்டரியை கூடைல இருந்து எடுத்து கேரியர் கிட்டயே கொண்டு வந்துட்டீங்கன்னா அந்த 1.4ல ஒரு வோல்ட்டுக்கு மேல திரும்பக் கிடைச்சிடும். சாவில 14 ஆம்பியர் போச்சுன்னு வச்சாலும் அங்க மட்டும் 12 வாட்டுக்கு மேல சூடா வீணாகுது, அதான் தொட்டா சுடுது.

14 எங்கிருந்து வந்துச்சுன்னு கேப்பீங்க. ஆளு, சைக்கிள், பூ எல்லாம் சேத்து 120 கிலோன்னு வைங்க, மேம்பாலம் குத்துமதிப்பா முப்பது அடிக்கு ஒரு அடி ஏறும், 15 கிலோமீட்டர் வேகத்துல ஏத்தறதுக்கு மட்டும் 160 வாட்டுக்கு மேல ஆகுது, டயர் உரசல் ஒரு 50. மோட்டாரும் கியரும் நாலுல ஒரு பங்கை சூடாக்கிடும். அப்ப பேட்டரி 280 வாட் குடுக்கணும், 21 வோல்ட்ல அது 13, 14 ஆம்பியர். அதனாலதான் சொல்றேன், மோட்டார் பொம்மை இல்ல, சரியான அளவுதான். மாமனார் பாலத்துல மட்டும் லேசா மிதிச்சுக் குடுத்தாலே 50 வாட் குறைஞ்சிடும்.

இப்ப பேட்டரி. சும்மா நிக்கும்போது 12.7 காட்டறதை வச்சு நல்ல பேட்டரின்னு சொல்ல முடியாது. 7 ஏஎச்சுன்னு எழுதிருக்கறது 20 மணி நேரக் கணக்கு, அதாவது 0.35 ஆம்பியர் மெதுவா எடுத்தா 7 வரும், 14 எடுத்தா புதுசுலயே பாதிக்குப் பக்கத்துலதான் வரும். உங்க ரெண்டாவது பேட்டரி உள்ள சல்ஃபேட் ஆகிடுச்சு, அதாவது தகட்டுல உப்பு படிஞ்சிடுச்சு. லோடுல ஒன்னு 11.4 இன்னொன்னு 9.8னா ரெட்டை மாட்டு வண்டில ஒரு மாடு படுத்துக்கிட்ட மாதிரிதான், நல்லதையும் சேத்துக் கெடுத்துரும்.

லித்தியம் ராஜா:
அதைத்தானே நானும் முதல்லயே சொன்னேன் 😄

சால்டர் வாசனை:
சொன்னீங்க, ஆனா அந்த சாவியும் வயரும் அப்படியே இருந்திருந்தா உங்க பேக்கோட கரண்ட்டும் அது வழியாதான் போயிருக்கும், சாவி உருகியிருக்கும். மத்தபடி எல்எஃப்பி நல்ல யோசனை, அதை மறுக்கல. தம்பி, பட்ஜெட் இப்ப இல்லைன்னா யுபிஎஸ் பேட்டரி வேணாம், இ-ஸ்கூட்டருக்கு வர்ற 12 வோல்ட் 12 ஏஎச் ஈவி பேட்டரி ஒரே தேதி போட்டதா ரெண்டு வாங்குங்க. ஒன்னு நாலு கிலோவுக்கு மேல வரும், வெயிட்டு கேரியர்ல வர்ற மாதிரி பாத்துக்கங்க. பழசு ஒன்னு புதுசு ஒன்னுன்னு மட்டும் போட்றாதீங்க.

கோவை ரீவைண்டிங்:
பிரஷ் இல்லைன்னு ஆயிடுச்சு, சரிங்க 🙂 இன்னொன்னு பாருங்க, ஃப்ரீவீல் 18க்கு பதிலா 22 பல் கிடைச்சா போடுங்க. இந்த மோட்டார் லோடுல 300 ஆர்பிஎம் சுத்துதுன்னா, மோட்டார்ல 9 பல், 28 இஞ்ச் வீலுக்கு 18ல 20 கிலோமீட்டர் வரும், 22ல 16. பூ வண்டிக்கு 16 போதுங்க, ஏத்தத்துல ஆம்பியரும் கம்மியாகும்.

ஸ்ரீரங்கத்துக்காரன்:
சாவியை பவர் லாக் சாக்கெட்டுக்கு மாத்தியாச்சு, 2.5 வயர், ஃபியூஸ், கட் ஆஃப் லீவர் எல்லாம் போட்டாச்சு. அதே பழைய பேட்டரியோடவே கூடையோட பாலம் ஏறிடுச்சு, கடைசில கொஞ்சம் திணறுது ஆனா கட் ஆகல, கண்ட்ரோலர் வாசல்ல 20.8 வரைக்கும்தான் இறங்குது. பேட்டரி அடுத்த மாசம் ஈவி டைப் வாங்கிடுறேன். கடைல 22 பல் இல்ல, 20தான் இருந்துச்சு, எடுத்து வச்சிருக்கேன்.

ஒரே ஒரு சந்தேகம், பின்னாடி எல்எஃப்பிக்கு மாறினா இப்ப இருக்குற லெட் ஆசிட் சார்ஜரையே போடலாமா? ரெண்டும் 24 வோல்ட்தானே?

லித்தியம் ராஜா:
போடாதீங்க. 8 சீரிஸ் எல்எஃப்பி ஃபுல் சார்ஜ் 29.2 வோல்ட். லெட் ஆசிட் சார்ஜர் 28.8 வரைக்கும் போயிட்டு அப்பறம் 27 சொச்சத்துல விடாம ஏத்திக்கிட்டே இருக்கும், சிலதுல அந்த சல்ஃபேட்டை எடுக்கற டீசல்ஃபேஷன் பல்ஸ் வேற அடிக்கும், பிஎம்எஸ்ஸுக்கு (லித்தியம் பேக்கைக் காக்குற போர்டு) ஆகாது. 29.2ன்னு போட்ட எல்எஃப்பி சார்ஜர் தனியா வாங்குங்க. பிஎம்எஸ்ஸும் உங்க கண்ட்ரோலர் ஸ்டிக்கர்ல கரண்ட் லிமிட் என்ன போட்டிருக்கோ அதுக்கு மேல இருக்கற மாதிரி எடுங்க, கம்மியா எடுத்தா பாலத்துல திரும்ப கட் ஆகும், அப்ப கட் பண்றது பிஎம்எஸ்ஸா இருக்கும். பழைய லேப்டாப் செல்லு சீப்பா வருதுன்னு யாராவது குடுத்தா வாங்கிராதீங்க, வீட்டுக்குள்ள சார்ஜ் போடற வண்டி.

ஸ்ரீரங்கத்துக்காரன்:
சரி அண்ணே. கண்ட்ரோலர்ல 20 ஆம்பியர்னு போட்டிருக்கு, அப்ப 30 ஆம்பியர் பிஎம்எஸ்தானே?

லித்தியம் ராஜா:
ஆமா, 30 எடுங்க.